கணினிக் கேள்வி பதில்

கேள்வி: கோட்டுருவியலை (முனைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்) மென்பொருள் கொண்டு எப்படித் தொடங்குவது? வரைகிறேன், படம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. (வாசகர், செந்தூல்)

பதில்: பைத்தான் நிரல்மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரல்தொகுப்பு போதும். படம் மாறுவது பிழையல்ல. முனைகளின் தொடக்க இடம் குருட்டாம்போக்கில் அமைகிறது. முனைகளுக்கு இடம் அமைக்கும் ‘ஸ்பிரிங் லேஅவுட்’ கட்டளையில் ‘சீட்’ மதிப்பாக ஓர் எண் கொடுத்தால் நிலைத்துவிடும். ஆனால் படத்தைவிட எண்ணிக்கையை நம்புங்கள்.

நீங்கள் ஏறும் கோலாலம்பூர் ரயிலையே எடுங்கள். கே.எல். சென்ட்ரல்–பசார் செனி, பசார் செனி–மஸ்ஜித் ஜாமெக், மஸ்ஜித் ஜாமெக்–பிளாசா ராக்யாட், பிளாசா ராக்யாட்–மெர்டேக்கா (நடைபாதை), மெர்டேக்கா–பசார் செனி: நிலையங்கள் 5 முனை, அவற்றின் இணைப்புகள் 5 விளிம்பு. முதலில் தாளில் ஒவ்வொரு முனையின் படியையும் (அதில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) எழுதிக் கூட்டுங்கள். 10 வரவேண்டும், விளிம்புகளைப்போல் இருமடங்கு. பிறகு, வெட்டினால் இணைப்பே துண்டாகிவிடும் விளிம்புகளைத் தேடும் ‘பிரிட்ஜஸ்’ கட்டளையை ஓட்டினால் கே.எல். சென்ட்ரல்–பசார் செனி மட்டுமே வரும். மற்ற நான்கும் ஒரு சுற்றில் இருப்பதால், ஒன்றை வெட்டினாலும் சுற்றிப் போய்விடலாம். விளிம்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்காமல் விடாதீர்கள், அங்கேதான் பாடம் பிடிபடும்.

கூட்டுத்தொகை சரியாக இருந்தும் முனை 6 என்று காட்டினால், ஏதோ ஒரு பெயரை இருவிதமாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருள் சத்தமில்லாமல் புது முனை உண்டாக்கிவிடும். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க விளிம்புகளுக்குப் பயண நிமிடங்களைக் கொடுத்தாலும், கட்டளையில் அவற்றை ‘வெயிட்’ என்று குறிப்பிடாவிட்டால் அது விளிம்புகளைத்தான் எண்ணும்.