1972 டட்சன் 240இசட்டின் நாலு கியர் பாக்ஸை எடுத்துவிட்டு ஐந்து கியர் போடலாமா, இல்லை ஆறு கியரே போட்டுவிடலாமா?

போடலாம். ஐந்து போடுங்கள், இதே குடும்பத்தில் பிறகு வந்த 280இசட்எக்ஸ் காரின் ஐந்து. ஆறு கியர் உங்கள் வண்டிக்கு வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், காரணம் வேண்டும் என்பவர்களுக்குக் கொஞ்சம் பெருக்கல் கணக்கு காத்திருக்கிறது.

எஞ்சின் கம்பெனியில் வந்த எல்24 அப்படியே இருக்கிறது, நூறைத் தாண்டினால் கத்துகிறது, நண்பர்கள் பிற்காலத்து 350இசட் காரின் சிடி009 என்ற ஆறு கியர் பாக்ஸைப் போடச் சொல்கிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது கியர் என்றாலே ஐந்தாவதைவிட எஞ்சின் மெதுவாகத்தான் ஓடும் என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. இந்த ஒரு தப்பில்தான் பலருக்குப் பணமும் பல மாதமும் போகிறது.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் 72 மாடலில் இருப்பது 71பி வகை நாலு கியர். முதல் கியர் 3.592 (எஞ்சின் 3.592 சுற்று சுற்றினால் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று), இரண்டு 2.246, மூன்று 1.415, நாலு நேராக 1. பின்னால் ஆர்180 வகை டிஃபரன்ஷியல், அதாவது ஷாஃப்ட்டின் சுற்றைக் குறைத்துப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெட்டி, 3.364. (ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த வண்டியென்றால் வேறு எண் இருக்கலாம், அதனால் ஜாக்கி போட்டுப் பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, இரண்டையும் ஒன்றாகச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) பழைய 14 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். அப்படியானால் 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 833 சுற்று, அதை 3.364 ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,800. 120ல் 3,360. கத்தத்தான் செய்யும், பாவம்.

இப்போது சிடி009. அதன் ஆறாவது கியர் 0.794. 280இசட்எக்ஸில் 1981 முதல் 83 வரை வந்த ஐந்து கியரில் ஐந்தாவது 0.745. எண் சின்னதாக ஆக எஞ்சின் மெதுவாக ஓடும், இல்லையா? அதே டிஃபரன்ஷியலில் 100ல் ஆறு கியர் பாக்ஸ் 2,225 ஆர்பிஎம், ஐந்து கியர் பாக்ஸ் 2,090. நீங்கள் எதற்காகப் பாக்ஸையே மாற்ற நினைத்தீர்களோ அந்த வேலையில் ஐந்துதான் முன்னால் நிற்கிறது. கியர் எத்தனை என்பது கீழிருந்து மேல் வரைக்கும் இடைவெளியை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். மேல் எல்லை எங்கே என்று அது சொல்லாது.

இதைத் தவிர சிடி009ஐ இந்த வண்டிக்குள் உட்கார வைப்பது தனிக் கதை. அதில் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு பொருந்தும் மணி வடிவ முன் உறை, பாக்ஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, கழற்ற முடியாது. எல்24ல் மாட்ட வேண்டுமென்றால் அதை அறுத்து எடுத்து, அடாப்டர் பிளேட் போட்டு, வண்டித் தரையில் நடுவே மேடாக இருக்கும் டனலை வெட்டி, கியர் லீவரை இடம் மாற்றி, ஷாஃப்ட்டைப் புதிதாகச் செய்து, பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிளைச் செருக அதில் இடமே இல்லை என்று கண்டுபிடித்து, அதற்கு வேறு வழி தேட வேண்டும். 287 குதிரைத்திறன் காரிலிருந்து வந்த பாக்ஸ் அது. உங்கள் எல்24 அந்தக் காலத்துத் தாராளமான அளவுகோலிலேயே 151தான். நாளைக்கு எஞ்சினையே மாற்றப்போகிறேன், டர்போ போடப்போகிறேன் என்றால் சிடி009 அர்த்தமுள்ள பேச்சு. இப்போதைக்கு இல்லை.

சரி, ஐந்துக்கு வருவோம். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. 280இசட்எக்ஸ் பாக்ஸின் முதல் கியர் 3.062, இரண்டு 1.858, மூன்று 1.308. உங்கள் பழைய முதல் கியரோடு டிஃபரன்ஷியலைப் பெருக்கினால் 12.08, புதியதில் 10.30. அதாவது புறப்படும்போது இழுவை கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைகிறது. இரண்டாம் கியரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 17 சதவீதம். ஹைவேயில் சுகமாகப் போகும், சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி சோம்பேறியாகிவிட்டதோ என்று தோன்றும். மேட்டில் கிளட்ச்சைக் கொஞ்சம் கூட அரைக்க வேண்டிவரும்.

மருந்து பின்னால் இருக்கிறது. டிஃபரன்ஷியலை 3.9 ஆக்கினால் முதல் கியர் 3.062 × 3.9 = 11.94. பழைய 12.08க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, பார்த்தீர்களா? பிக்கப் பழையபடி, ஐந்தாவதில் 100க்கு 2,420 ஆர்பிஎம். முன்பைவிட சுமார் 400 குறைவு. 3.364ஐ அப்படியே வைத்தால் 700 குறையும், ஆனால் கீழே இழுவை போகும். 3.7 கிடைத்தால் நடுவில் நிற்கும். இதில் எது சரி என்று நான் சொல்ல முடியாது, நீங்கள் வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதுதான் சொல்லும். என் வண்டியும் 72தான், நான் மலைப்பாதையில் ஓட்டுகிறவன், 3.9 போட்டேன், இரண்டாம் மூன்றாம் கியரில் வளைவிலிருந்து வண்டி வெளியே வரும் விதத்துக்காகவே அதை மாற்ற மாட்டேன். நீங்கள் நீண்ட தூரம் நேர் ரோட்டில் போகிறவர் என்று எழுதியிருப்பதால், முதலில் பாக்ஸை மட்டும் மாற்றி 3.364ஓடு சில மாதம் ஓட்டிப் பாருங்கள். டிஃபரன்ஷியலைப் பிறகும் மாற்றலாம், அது தனி வேலை. ஆர்200 என்ற பெரிய டிஃபரன்ஷியல் கிடைத்தால் உறுதியானது, ஆனால் பின்னால் தாங்கும் பட்டையும் ஆக்ஸில் ஃபிளாஞ்சும் அதோடு மாற வேண்டும், ஆர்180லேயே 3.9 கிடைத்தால் தலைவலி குறைவு.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 280இசட்எக்ஸ் டர்போவில் வந்த ஐந்து கியர் வேறு, அது போர்க்-வார்னர் டி5, நம் 71பி குடும்பமே இல்லை. "இசட்எக்ஸ் ஃபைவ் ஸ்பீடு" என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். 1980 பாக்ஸின் ஐந்தாவது 0.773, அதுவும் மோசமில்லை. சிலர் நிஸானின் இன்னொரு காரான 240எஸ்எக்ஸின் 71சி பாக்ஸையும் போடுகிறார்கள், அதன் முதல் கியர் 3.321, ஐந்தாவது 0.759, 3.364 டிஃபரன்ஷியலோடு மிக அழகாகப் பொருந்தும் எண்கள். ஆனால் அதன் முன்பக்கம் எல் எஞ்சினுக்குப் பொருந்தாது, பழைய 71பியின் முன்பாதியை எடுத்து, லேத் வேலையும் செய்து சேர்க்க வேண்டும். நல்ல லேத்காரர் தெரிந்தவராக இருந்தால் யோசியுங்கள்.

இசட்எக்ஸ் பாக்ஸ் உங்கள் 72ல் போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும், பெல் ஹவுசிங், ஷாஃப்ட், பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர் எதையும் வெட்ட வேண்டாம். இது 70, 71 துவக்க வண்டிகளுக்குப் பொருந்தாது, அவற்றில் ஏ வகை பாக்ஸ், டிஃபரன்ஷியலும் கொஞ்சம் முன்னால் இருக்கும், அவர்கள் அளந்துதான் இறங்க வேண்டும்.

உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது கிளட்ச்சில். பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் ஒரு குட்டிக் காலர் இருக்கிறது, பெடலோடு நகரும் ஃபோர்க் பிடித்துத் தள்ளுவது அதைத்தான். டட்சனைச் செய்த நிஸான் அதைப் பல நீளங்களில் செய்தது, ஏனென்றால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும். புது பாக்ஸோடு வந்த காலரையே போட்டுவிட்டு, பழைய பிரஷர் பிளேட்டையும் வைத்துக்கொண்டால், எல்லாம் மாட்டி முடித்த பிறகு பெடல் தரைக்குப் போகும், கியர் விழாது. எதிர்ப்பக்கமாகத் தவறினால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும். இரண்டுக்கும் மருந்து பாக்ஸை மறுபடி இறக்குவதுதான். காலர் பாக்ஸுக்குச் சொந்தமில்லை, பிரஷர் பிளேட்டுக்குச் சொந்தம், இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது அளந்துவிடுவது: ஃப்ளைவீலில் கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் முழுசாக முறுக்கி, அதன் விரல்கள் மேல் காலரும் பேரிங்கும் உட்கார்ந்திருக்க, ஃப்ளைவீல் முகத்திலிருந்து ஃபோர்க் தொடும் இடம் வரை ஸ்கேல் வையுங்கள். 92 மில்லிமீட்டர் சுற்றி வந்தால் நிம்மதியாகத் தூக்கி மாட்டலாம். கையோடு பைலட் புஷ் (பாக்ஸ் ஷாஃப்ட்டின் முன் நுனியைத் தாங்கும் வளையம்), எஞ்சின் பின்பக்க ஆயில் சீல், பாக்ஸின் முன் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், அவற்றின் விலை ஒன்றுமில்லை, அவற்றை அடையும் உழைப்புதான் விலை.

ஸ்பீடோமீட்டர் பற்றிப் பலருக்கும் குழப்பம். அது பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்ட்டிலிருந்து ஓடுகிறது, அதனால் உள்ளே எத்தனை கியர் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. டிஃபரன்ஷியலும் டயரும்தான் அதை மாற்றும். 3.364ஐ வைத்துக்கொண்டால் பழைய பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் 17 பல் பினியனைக் (சின்னப் பற்சக்கரம்) கழற்றிப் புதியதில் போடுங்கள், 3.9க்குப் போனால் 20 பல்.

கியர் லீவர்: இசட்எக்ஸ் லீவர் வேறு கேபினுக்காக வளைக்கப்பட்டது, உங்கள் கன்சோலில் இடிக்கும். உங்களுடையதையே போடுங்கள். அதன் அடியில் பின் போகும் இடத்தில் இரண்டு நைலான் புஷ் இருக்கும், ஐம்பது வருடத்தில் அவை பிஸ்கட் தூளாகியிருக்கும், லீவர் குழம்புக் கரண்டி மாதிரி ஆடுவதற்குப் பாதிக் காரணம் அவைதான்.

ஆயில் ஜிஎல்-4, 80டபிள்யூ-90. ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம், கியர் அரைக்காமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது, குளிரில் இரண்டாம் கியர் அரைக்கும். ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயரைப் பாக்ஸ் பாதி ஏறியிருக்கும்போதே இணைத்துவிடுங்கள், முழுசாக ஏறிய பிறகு அங்கே கை போகாது.