சமையலறைக் கேள்வி – பதில்: ஒரே மாவில் நான்கு சுவைக் குக்கீஸ்

கேள்வி: இந்தத் தீபாவளிக்குக் கடையில் இனிப்புப் பெட்டி வாங்காமல், உறவினர் பத்து வீடுகளுக்கு நானே குக்கீஸ் சுட்டுக் கொடுக்க நினைக்கிறேன். நான்கு சுவைகளாவது வேண்டும். அதற்கு நான்கு செய்முறைகளைத் தனித்தனியாகப் பழக வேண்டுமா? எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: வேண்டியதில்லை. ஒரு மாவு கைக்குப் பழகிவிட்டால், அதையே பிரித்து விரும்பிய சுவைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கும் எளிதுதான்: எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. அதாவது 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. முட்டைக்கு இதில் வேலையே இல்லை. கப்பால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதே கப்பில் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம் இருக்கும், அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். "போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை ஏனோ வரவில்லை" என்று எழுதும் வாசகர்களில் பலருக்கு என் பதில் இதுதான்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அதைச் சர்க்கரையுடன் சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும்வரை குழையுங்கள். உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பிறகு சலித்த மைதாவைப் போட்டு, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கையால் கூட்டுங்கள். சப்பாத்தி மாவைப்போல அழுத்திப் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை வலுத்து, வாயில் போட்டதும் உதிர வேண்டிய குக்கீ கடித்து இழுக்க வேண்டியதாகிவிடும்.

இப்போது கையில் 600 கிராம் மாவு இருக்கும். அதை 150 கிராம் வீதம் நான்காகப் பிரியுங்கள். முதல் பங்குக்கு அரை டீஸ்பூன் ஏலக்காய்ப் பொடி போதும். இரண்டாவதில் ஒரு மேசைக்கரண்டி கோகோ பொடியைச் சேருங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால் ஒரு டீஸ்பூன் பாலும் வேண்டும். மூன்றாவதில் இரண்டு மேசைக்கரண்டி உலர்ந்த தேங்காய்த் துருவல். பச்சைத் தேங்காய் சேர்த்தால் சில நாட்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். நான்காவதற்கு வறுத்த சீரகம் அரை டீஸ்பூனும் ஒரு சிட்டிகை உப்பும் என்பது என் பரிந்துரை. பேக்கரியில் இனிப்பும் உப்புமாகக் கிடைக்கும் சீரக பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டு வளர்ந்த சித்தப்பாக்களும் மாமாக்களும் முதலில் காலி செய்வது இதைத்தான்.

ஒவ்வொரு பங்கையும் உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டுங்கள். முன்கூட்டியே 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் ஏறக்குறைய 15 நிமிடம் சுட்டால், ஓரம் மட்டும் இளம்பொன்னாகச் சிவந்திருக்கும். அந்தக் கட்டத்தில் தொட்டுப் பார்த்தால் நடுப்பகுதி மெத்தென்றிருப்பதால், வேகவில்லை என்று பயந்து பலர் இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும் என்பதால் அந்த ஐந்து நிமிடம் குக்கீயைக் கருக்கிவிடும். கோகோ குக்கீயில் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. ஓரத்தைத் தொட்டால் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு முறை பிசையும் மாவில் 15 கிராம் எடையுள்ள குக்கீஸ் நாற்பது கிடைக்கும். பத்து வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு டஜன் என்றால் மூன்று முறை செய்தால் போதும். மைதா 900 கிராம், வெண்ணெய் 600 கிராம், சர்க்கரை 300 கிராம்.

கேள்வி: முதல் தட்டில் வைத்த குக்கீஸ் அழகாக வந்தன. அடுத்த தட்டில் எல்லாம் உருகிப் பரவி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிட்டன. மாவு அதே மாவுதான். வெண்ணெய்க்குப் பதிலாக நெய் சேர்த்தால் சரியாகுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மாவு அதே மாவுதான், தட்டும் அதே தட்டுதானே? ஓவனிலிருந்து எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாம் ஈட்டை வைத்திருப்பீர்கள். ஓவனுக்குள் போகும் முன்பே அடியில் வெண்ணெய் உருகி, மாவு வெந்து இறுகுவதற்குள் பரவிவிடுகிறது. இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், குழாயடியில் அதன் பின்புறத்தைக் காட்டிக் குளிரவைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மாவு குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே நெகிழ்ந்துவிடும். மதுரையில் அடுப்பு எரியாத சமையலறையிலும் அந்தச் சூடு உண்டு.

நெய் இதற்கு மருந்தல்ல. ஆனால் சுவைக்காகச் சேர்க்கலாம். நான்கட்டாயின் உதிரும் தன்மையும் மணமும் நெய்யால் வருபவைதாம். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யோ முழுக்கக் கொழுப்பு. ஆகவே 200 கிராம் வெண்ணெய்க்கு 160 கிராம் நெய் போதும், அதுவும் உறைந்த நெய்யாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். கனமான இரும்பு வாணலியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் சூடாக்கி, வளையத்தின் மேல் தட்டை வைத்துச் சிறு தீயில் சுடுங்கள். அடிப்பக்கம் சிவக்கும், மேற்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். ஒரு தடவைக்கு ஏழெட்டுதான் பிடிக்கும் என்பதால், பத்து வீட்டுக்குச் செய்ய இது சரிப்படாது.

கேள்வி: மாமனாருக்குச் சர்க்கரை நோய். மைதாவுக்குப் பதில் கேழ்வரகும், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் போட்டுச் செய்து கொடுத்தால் அவர் பயமில்லாமல் சாப்பிடலாம் அல்லவா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படி நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கேழ்வரகும் மாவுச்சத்துள்ள தானியம்தான். இரண்டுமே இரத்தச் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் மற்றவர்களுக்காகச் சுவைக்குச் செய்வதென்றால் கேழ்வரகில் பாதியளவு கோதுமை மாவு கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காமல் உதிரும். மாமனாருக்கு எது ஆகும், எவ்வளவு ஆகும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால், மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வறுத்த பாதாமை ஒரு சிறு டப்பாவில் அவருக்கென்று தனியாகக் கொடுப்பேன். எல்லோருக்கும் குக்கீஸ் வந்திருக்க, தமக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்ற குறை அவருக்கு இருக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு கூரியரில் அக்காவுக்கு அனுப்பிய குக்கீஸ் நமத்துப்போய், எல்லாவற்றிலும் சீரக வாசனை வந்துவிட்டதாம். என்ன தவறு?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: தவறு இரண்டு. வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவை மூடியிருப்பீர்கள். ஆவி மூடியில் நீராகப் படிந்து மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். அடுத்தது, சீரகம், ஓமம், காபி போன்ற வாசனை மிகுந்தவற்றை மற்றவற்றோடு சேர்த்து அடைத்தது. வெண்ணெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் சுவைவாரியாகத் தனித்தனி உறையில் போட்டு ஒட்டி, அதன்பின் டப்பாவில் அடுக்குங்கள். முந்திரி, பாதாம் சேர்த்திருந்தால் உறைமேல் அதையும் எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அது அவசியம். உள்ளூரில் நேரில் கொடுப்பதற்கு எவர்சில்வர் டப்பாவே நல்லது. காற்றும் புகாது, டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று பார்க்கும் அத்தை இருந்தால் முறுக்கோ அதிரசமோ அதிலேயே உங்களுக்குத் திரும்பி வரும்.

நமத்துப்போனவற்றைத் தூக்கிப்போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சீரக வாசனை மட்டும் போகாது.