பித்தப்பைக் கல் ஆபரேஷன்: ராத்திரியிலிருந்தே தண்ணி குடிக்கக் கூடாதா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில உங்க அம்மாவுக்கு காலை 10 மணிக்கு ஆபரேஷன், ராத்திரி 9 மணிக்கு மேல பச்சத்தண்ணிகூட வேண்டாம்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அது பழைய வழக்கம். தண்ணி இரைப்பையில ரொம்ப நேரம் தங்காது. இப்போதைய மயக்கவியல் வழிகாட்டுதல்படி 2 மணி நேரம் முன்னால வரை, அதாவது 8 மணி வரை, தண்ணியோ பால் சேராத கடுங்காப்பியோ குடிக்கலாம். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். எண்ணெய்ப் பலகாரம், கறிக்கு 8. பால் காப்பியில பலரும் ஏமாறுவாங்க: பால் வயித்துல திரைஞ்சு கட்டியாயிடும், அதனால ஒரு வாய் குடிச்சாலும் 6 மணி நேரக் கணக்குதான். மோரும் அப்படியே.

ஆனா அம்மாவுக்குச் சர்க்கரை 15 வருஷமா இருக்கே, இரைப்பை மந்தமா காலியாகலாம். நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயிறு உப்புறது இருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட சொல்லி, அவர் தர்ற நேரத்தையே வச்சுக்கோங்க.

அதைவிட முக்கியம் மாத்திரை அட்டை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சர்க்கரை மாத்திரை இருந்தா ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். இல்லேன்னா சர்க்கரை அளவு ஓரளவு சரியா காட்டும்போதே ரத்தத்துல கீட்டோன்ங்கிற ஆபத்தான அமிலம் ஏறிடலாம். ரெண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைன்னா பின்பக்கச் சின்ன எழுத்தையும் பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க, அட்டையோட இன்னைக்கே டாக்டரைப் பாத்துக் கேளுங்க. இன்சுலின் அளவையும் அப்பவே எழுதி வாங்கிக்கோங்க.