எழுத்தாளர் வீட்டு டிரங்குப் பெட்டி: கேள்வி பதில்

நாவலும் எழுதி, பத்திரிகையிலும் வேலை பார்த்தவர்களின் தாள்களைக் காப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: தாத்தாவின் பெட்டியில் நாவல் தாள், கடிதம், ரசீது எல்லாம் கலந்து கிடக்கிறது சார். தேதிவாரியாகப் பிரிக்கட்டுமா?

ப: கை வைக்காதீர்கள். எந்தக் கடிதம் எந்த அத்தியாயத்தோடு கட்டிக் கிடந்தது என்பதே ஒரு தகவல், கலைத்தால் போச்சு. முதலில் மேலிருந்து கீழாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்து உறைமேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா ஆகாது. தேதி வரிசை கணினிப் பட்டியலில் இருந்தால் போதும்.

கே: குண்டூசி துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறதே?

ப: இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மெதுவாக அசைத்து எடுங்கள். மறுபடி எதையும் குத்த வேண்டாம். அமிலமற்ற தாளை மடித்து அதற்குள் வையுங்கள்.

கே: பத்திரிகை நறுக்குகள் தொட்டாலே உதிர்கின்றன. லேமினேஷன் செய்யலாமா?

ப: கூடவே கூடாது. செய்தித்தாளின் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும்தான் அதை நொறுக்குகின்றன. லேமினேஷன் அந்த அமிலத்தையும் சேர்த்து உள்ளே அடைத்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, படத்தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். நறுக்கைத் தனி உறையில் வையுங்கள். கையெழுத்துத் தாளோடு சேர்த்தால் அதிலும் பழுப்புத் தடம் விழும். செலோடேப்பும் எதிரிதான். கிழிசலை ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்.

கே: வேப்பிலை போட்டிருக்கிறேன். போதாதா?

ப: பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். 50ஐ ஒட்டி இருக்கட்டும். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பீரோ சுவரை ஒட்டக்கூடாது.

கே: நூலகத்துக்குக் கொடுத்தால் காப்புரிமை (காப்பிரைட்) போய்விடுமா?

ப: தாள் வேறு, உரிமை வேறு. காப்புரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால்தான் போகும். நாவலாசிரியரும் பத்திரிகையாளருமான கார்சியா மார்க்கேஸின் தாள்களை 2014இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் வாங்கியது. 2017இல் சுமார் 27,000 பக்கப் படங்கள் இணையத்தில் வந்தன, உரிமை காலாவதியாகாமலே, குடும்பத்தின் சம்மதத்தோடு. இந்தியாவில், ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே வெளியான எழுத்துக்கு உரிமை அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. ஒன்று கவனியுங்கள்: தாத்தாவுக்கு வந்த கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது.

கே: கார்பன் பிரதிகளைத் தூக்கிப் போடலாமா அய்யா?

ப: அச்சானதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் போடாதீர்கள். ஆசிரியர் குழு வெட்டிய பத்தி அதில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.