நடுவர் யார் பக்கம்?

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன் நான். 2011இல் நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு எங்கள் அன்றைய பயிற்சியாளர் பெர்குசனுக்கு 5 ஆட்டத் தடை. 2023இல் லிவர்பூலின் பயிற்சியாளர் க்ளோப், நான்காவது நடுவரின் முகத்துக்கு நேரே ஓடிப்போய்க் கத்தினார். ஓர் ஆட்டத்தோடு விட்டுவிட்டார்கள். நடுவர்கள் லிவர்பூல் பக்கம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இன்னொன்று: லிவர்பூல் ரசிகர்கள் எங்கள் அணியின் விமான விபத்தைக் கேலி செய்யும் மியூனிக் பாட்டுப் பாடினார்கள், பதிலுக்கு நாங்கள் அவர்கள் ரசிகர்கள் இறந்த நெரிசலைக் கேலி செய்யும் ஹில்ஸ்பரோ பாட்டுப் பாடினோம். ஆட்டம் பார்த்த கடையின் முதலாளி எங்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார். நியாயமா?
— ரோஸ்ஹில் (மொரீசியஸ்) வாசகர்

பதில்: தடை விதிப்பது நடுவர் அல்ல, ஐயா. அவர் ஆட்டத்தின் அறிக்கையை எழுதித் தருவார், அத்தோடு சரி. குற்றம் சாட்டுவது இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்; விசாரித்துத் தண்டிப்பது தனிக் குழு.

அந்த 5 ஆட்டங்களின் கணக்கையும் நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். 2009இல் ஆலன் வைலி என்ற நடுவருக்கு ஓடத் தெம்பில்லை என்று பெர்குசன் பேசினார். 4 ஆட்டத் தடை, அதில் 2 நிறுத்திவைப்பு. 2011 மார்ச்சில் செல்சியிடம் 2-1 எனத் தோற்றதும், மார்ட்டின் அட்கின்சன் நேர்மையான நடுவர் அல்ல என்று பொருள்படப் பேசினார். அதற்குக் கிடைத்தது 3 ஆட்டம். மீதி 2 பழைய பாக்கி. அபராதம் 30,000 பவுண்டு. க்ளோப்புக்குத் தடை கிடைத்தது ஓடியதற்கு அல்ல; ஆட்டம் முடிந்தபின் நடுவர் பால் டியர்னி லிவர்பூலுக்கு எதிரானவர் என்று பொருள்படப் பேசியதற்கு. 2 ஆட்டத் தடை, அதில் ஒன்று நிறுத்திவைப்பு, அபராதம் 75,000 பவுண்டு. பணத்தில் யாருக்கு அடி அதிகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் க்ளோப் தப்பித்தார் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். டாட்டனத்தை 4-3 என வென்ற அந்த ஆட்டத்தில் அவர் நான்காவது நடுவர் ஜான் புரூக்ஸை நோக்கி ஓடினார் (ஓடிய வேகத்தில் அவர் தொடைத் தசையே பிடித்துக்கொண்டது). அந்த ஓட்டத்துக்குக் கிடைத்தது மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. பயிற்சியாளர் நிற்கும் பகுதி, இருக்கைகளுக்கு இருபுறமும் 1 மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்புவரைதான். நடுவரை எதிர்ப்பதற்காகவே அதைத் தாண்டினால் விதிப்படி சிவப்பு, அதாவது வெளியேற்றம். போதாததற்கு, 2022 அக்டோபரில்தான் மான்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியிருந்தார். 2 ஆட்டத்தையும் அப்போதே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றை நிறுத்திவைத்தது குழுவின் தாராளம். நடுவரின் பாசம் அல்ல.

பாசம் என்றால், அதே லிவர்பூலுக்கு 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டனம் ஆட்டத்தில் நடந்தது என்ன? லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். எல்லைக்கோட்டு நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். வீடியோ நடுவரோ, களத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்து, 'சரிபார்த்தாயிற்று' என்றார். களத்தில் இருந்தவர்கள் அதை ஆஃப்சைடு சரி என்று எடுத்துக்கொள்ள, ஃப்ரீகிக் அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது. மீண்டும் தொடங்கியபின் முந்தைய முடிவை மாற்ற, கால்பந்தின் 5ஆம் விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. அவர்களும் உங்களைப் போலவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உங்களுடையதைவிடக் கொஞ்சம் நீளம்.

நம் ஊர் அணிகள் ஆடும்போது கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் அட்டை காட்டலாம். பெஞ்சிலிருந்து யாரோ வசைபாடி, ஆள் யாரென்று தெரியாவிட்டால், அட்டை தலைமைப் பயிற்சியாளருக்குத்தான். தண்ணீர்ப் போத்தலை உதைத்தால் மஞ்சள். அதையே வேண்டுமென்று களத்துக்குள் எறிந்தால் சிவப்பு. பயிற்சியாளர் கையை விரித்துக் குதித்தால், பின்னால் இருக்கும் ரசிகன் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறான். மொரீசியஸ்காரருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நம் கழகங்களின் பெயர்களில் இருந்த 'தமிழ்', 'இந்து', 'முஸ்லிம்' என்ற அடைமொழிகள் 1980களில் நீங்கின. மைதானத்தில் கூட்டம் பிரிந்து உட்காருவது நீங்கவில்லை. 1999 மே 23 அன்று, 1943இல் கரும்புத் தோட்டப் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அஞ்சலையின் பெயர் தாங்கிய அரங்கில், பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஸ்கவுட்ஸ் கழகமும் ஃபயர் பிரிகேடு கழகமும் மோதின. அதன்பின் மூண்ட கலவரத்தில் போர்ட் லூயிஸின் அமிகால் சூதாட்ட விடுதி எரிந்து 7 பேர் இறந்தார்கள். உள்ளூர்ப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. கழகங்கள் வட்டாரவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. கூட்டம் மட்டும் மைதானத்துக்குப் பழையபடி திரும்பவில்லை. நீங்களும் கடை டி.வி.யில் மான்செஸ்டரைத்தானே பார்க்கிறீர்கள்?

கடைக்காரர் விஷயம். இரு தரப்பையும் அனுப்பியிருக்க வேண்டும். அதில் அவர் செய்தது தவறு. உங்களை அனுப்பியது தவறில்லை. மியூனிக் விமான விபத்தில் 1958இல் இறந்தவர்கள் 23 பேர், அவர்களில் 8 பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் 1989இல் நசுங்கி, பல ஆண்டுகள் கழித்து அந்தக் காயத்தால் இறந்தவரையும் சேர்த்து உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு அந்த 97ஐக் கேலி செய்யும் சட்டையுடன் வந்த யுனைடெட் ரசிகர் ஒருவருக்கு நீதிமன்றம் 1,000 பவுண்டு அபராதமும், கால்பந்து ஆட்டங்களுக்குப் போக 4 ஆண்டுத் தடையும் விதித்தது. பதிலுக்குப் பாடினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. கடை முதலாளியிடம் அடுத்த ஞாயிறு போய்ப் பேசுங்கள். லிவர்பூல்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.