மனநலச் சட்டத்துக்காக மனு: யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது?

கேள்வி: அந்தியூர் பக்கம் இருக்கோமுங்க. தம்பிக்கு மனச்சிதைவு நோய். அரசு ஆஸ்பத்திரியில ஒரு மாசம் மாத்திரை இருக்கும், மறு மாசம் ‘வெளியே வாங்கிக்குங்க’ம்பாங்க. இதே கஷ்டத்துல இருக்கற ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து, நல்ல சட்டம் வேணும்னு எம்.பி., எம்.எல்.ஏ.கிட்ட மனு கொடுக்கலாம்னு இருக்கோம். எப்படி எழுதறதுங்க?

பதில்: முதலில் முகவரியைச் சரிபாருங்கள். அந்தியூர் ஈரோடு மாவட்டம், ஆனால் நாடாளுமன்றத் தொகுதி திருப்பூர். கோபி, பவானி, பெருந்துறைக்கும் அதேதான். காங்கேயம், தாராபுரம் நேர் எதிர்: மாவட்டம் திருப்பூர், தொகுதி ஈரோடு. ஆள் மாறிப் போன மனு ‘எங்க தொகுதி இல்லீங்க’ என்பதோடு முடிந்துவிடும்.

அடுத்து, ‘நல்ல சட்டம் வேண்டும்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார மையம் தொடங்கி அதற்கு மேற்பட்ட எல்லா அரசு மருத்துவமனைகளிலும் ‘எல்லா நேரமும்’ இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 18-வது பிரிவு. உங்கள் மனுவுக்கு ‘எல்லா நேரமும்’ என்ற அந்த இரண்டு சொல்லே போதும். குறை இருப்பது சட்டத்தில் அல்ல, மருந்து அலமாரியில்.

அதைக் காகிதத்தில் காட்ட ஆதாரம் வேண்டும். மனுவுக்கு முன் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், வெள்ளைத் தாளில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்வி: கடந்த 12 மாதத்தில் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் (மனச்சிதைவுக்கான மாத்திரைகள்) எந்தெந்த நாள் இருப்பு இல்லை? மனநல மருத்துவர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை? தம்பியின் சீட்டில் உள்ள மருந்து வேறென்றால் அந்தப் பெயரை எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதையே மனுவோடு இணைப்பாக வையுங்கள். ‘ஏன் இல்லை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது இப்படி இருக்கட்டும்: ‘18-வது பிரிவின்படி எல்லா நேரமும் இருக்க வேண்டிய மாத்திரை, இணைப்பில் உள்ளபடி இத்தனை நாள் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கையின்போது இதைப் பேசி, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூன்று மாத இருப்பு வைக்க வலியுறுத்த வேண்டுகிறோம்.’ (மானியக் கோரிக்கை என்பது துறைக்கான நிதியைச் சட்டமன்றம் விவாதிக்கும் நேரம். மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது.) ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. ரோடும் தெருவிளக்கும் அதே தாளில் வேண்டாம். எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவையில் கேள்வி எழுப்ப மாட்டார். துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

எம்.பி.க்கு வேறு மனு. ஆஸ்பத்திரி மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மனநோய் அரசமைப்பின் பொதுப் பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடியவற்றில் வருகிறது. அதனால் டெல்லிக்கும் பொறுப்பு உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ற மனநல நிபுணர்களை 10 ஆண்டுக்குள் எட்ட முயல வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு. அந்தக் கெடு 2028 மே மாதம். ‘எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?’ என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை, அதனால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே போங்கள்.

எதிலும் தம்பி பெயரையோ படத்தையோ சேர்க்காதீர்கள். மனு கொடுக்கும் படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றும், நாளைக்கு ஒரு பொண்ணு பார்க்கிற வீட்டுக்கும் போகும். ‘பயனாளிகளின் குடும்பத்தார்’ என்று கையெழுத்திட்டால் போதும். ஒருவரே போட்ட 200 கையெழுத்தை விட, வாக்காளர் அட்டை எண்ணோடு 20 பேர் போட்டது எடுபடும்.

கொடுத்த கையோடு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து உதவியாளருக்குப் போன் போடும்போது அந்தத் தேதியைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.