வாட்டர்கலரில் நிலக்காட்சி: கை இறுகுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. ஏரிக்கரைப் பனைமரங்களை வரைகிறேன். 4-ஆம் நம்பர் பிரஷ்ஷில் ஒவ்வொரு மட்டையாகப் போட்டு முடிப்பதற்குள் படம் உயிரில்லாமல் போய்விடுகிறது. கையைத் தளர்த்துவது எப்படி?

கோளாறு கையில் இல்லை. 4-ஆம் நம்பர் பிரஷ்ஷை எடுத்தால் மட்டையைத்தான் போட முடியும், மரத்தைப் போட முடியாது. கால் ஷீட்டுக்கு (11 x 15 அங்குலம்) 12-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ்ஷும் ஒரு அங்குல ஃப்ளாட் (தட்டை) பிரஷ்ஷும் போதும். பிரஷ்ஷை உலோகப் பட்டையை ஒட்டிப் பிடிக்காமல் காம்பின் பின்பாதியில் பிடியுங்கள். நின்றுகொண்டு வரைந்தால் விரலுக்குப் பதில் தோள் வேலை செய்யும். தாள் இருக்கும் பலகையின் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு தடிமனான புத்தகத்தை வைத்துச் சாய்வாக்குங்கள். வண்ணம் தானே இறங்கும், நீங்கள் இழுக்க வேண்டாம்.

வண்ணத்தைத் தொடுமுன் அஞ்சலட்டை அளவில் மூன்றே டோனில் (வெளிர், நடுத்தரம், கறுப்பு) ஒரு பென்சில் ஸ்கெட்ச் போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பனந்தலை, அடியில் உள்ள புதர், கரையின் நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகச் சேரும். அப்படிச் சேர்ந்ததைப் பிரிக்காதீர்கள், ஒரே உருவமாக வரையுங்கள். எதை எதோடு சேர்ப்பது என்று இங்கேயே முடிவாகிவிட்டால் பெரிய தாளில் கை தயங்காது. கை இறுகுவதே அந்தத் தயக்கத்தால்தான்.

முதல் வாஷ் (தண்ணீரில் கரைத்த வண்ணப் பூச்சு) வானத்தில் தொடங்கித் தண்ணீர் வரை நிற்காமல் இறங்கட்டும். மேலே கோபால்ட் ப்ளூ, தொடுவானத்தை ஒட்டி வெளிர் ரா சியன்னா (மண்மஞ்சள்). வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தாள் ஈரமாய் மின்னும்போதே தூரத்து மரவரிசையை வைத்துவிடுங்கள், விளிம்பு மென்மையாகக் கரையும். முழுதும் காய்ந்தபின் பனைகள். பனந்தலை ஏறக்குறைய உருண்டை, நடுவில் அடர்த்தி. அந்த உருண்டையை ஒரே மூச்சில் போட்டு, உள்ளே வானம் தெரிய இரண்டு மூன்று ஓட்டைகள் விடுங்கள். விளிம்பில் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் ஐந்தாறு கீற்றுகள். கண் மீதி மட்டைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

வண்ணத்தின் பதமும் வாஷுக்கு வாஷ் மாறும். முதல் வாஷ் தண்ணி டீ, இரண்டாவது பால், கடைசி அடர்த்தி தயிர். மூன்றையும் டீயாகவே போடுகிறவர்களுக்குப் படம் வெளிறிப்போகும். அதைச் சரிக்கட்டத்தான் நுணுக்கம் நுணுக்கமாகச் சேர்க்கத் தொடங்குகிறார்கள்.

கேள்வி: வானத்தில் காலிஃப்ளவர் மாதிரிக் கறை விழுகிறது. பேப்பர் கோளாறா?

இல்லை. பாதி காய்ந்த வாஷில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் நிறத்துகள்களை வெளியே தள்ளி ஓரத்தில் குவிக்கும். அதுதான் கறை. தாளைச் சாய்வாகப் பாருங்கள். பளபளப்பு இருக்கும்வரை எதையும் சேர்க்கலாம். பளபளப்பு போய், புறங்கையை வைத்தால் இன்னும் குளிர்ச்சி தெரிந்தால் தொடவே தொடாதீர்கள். குளிர்ச்சியும் போனபின் அடுத்த வாஷ். ஐப்பசி மழையில் சென்னையில் இந்த இடைநிலை வெகுநேரம் நீடிக்கும், பொறுமை இழந்து கைவைப்பது அப்போதுதான்.

கேள்வி: எந்த கம்பெனி கலர் வாங்கலாம் மேடம்?

ஆர்ட்டிஸ்ட் கிரேடு டியூப் எதுவானாலும் சரி. கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரீன் (அடர் நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா, லெமன் யெல்லோ, ஒரு சிவப்பு போதும். காசை பேப்பரில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 100 சதவீதப் பருத்தி. 22 x 30 அங்குல முழு ஷீட் ஒன்றை எட்டாக வெட்டினால் தாளின் விலை பயமுறுத்தாது. பயந்து வரைகிற கை தளராது.

கேள்வி: கேம்லின் நல்லதா, வேறு பிராண்டா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இருபது நிமிடம் அலாரம் வைத்து வேகமாக வரைந்தால் லூஸாக (தளர்வாக) வருமா?

அவசரமாகத்தான் வரும். நேரத்தை எண்ணாதீர்கள், தீற்றலை எண்ணுங்கள். ஒரே காட்சியை 7.5 x 11 அங்குலத் தாளில் நாற்பது தீற்றலுக்குள் முடிக்கப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வைத்த தீற்றலை மறுபடி தடவக் கூடாது.

கேள்வி: கடைசியில் வெள்ளை குவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) வைத்து மினுமினுப்பைச் சேர்க்கிறார்களே, அது ஏமாற்றுதானே? வாட்டர்கலரில் வெள்ளை என்றால் தாள்தான்.

ஏமாற்று இல்லை. அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் தன் நீர்வண்ணங்களில் ஒளிபுகா வெள்ளையையும் மெழுகையும் பயன்படுத்தியிருக்கிறார். ஆங்கிலேய ஓவியர் டர்னர் தாளையே சுரண்டி வெள்ளை எடுத்தவர்.

கேள்வி: (அதே நண்பர்) மேதைகள் செய்தார்கள் என்பதற்காக எங்களுக்கும் சரியா? ஒளி தாளிலிருந்து வருவதுதானே இந்த ஊடகத்தின் அழகு?

நியாயமான கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலேய ஓவியர் காட்மன் 1805 வாக்கில் வரைந்த 'கிரேட்டா பாலம்' என்ற நீர்வண்ணப் படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தட்டையான, தெளிந்த வாஷ்கள், மரங்கள்கூடச் சில பெரிய உருவங்கள்தான். தெறிப்பு, சிதறல் எதுவும் இல்லாமலே அவ்வளவு காற்றோட்டம். லூஸ் என்றால் தெறிப்பு என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் விதியாக்க வேண்டாம். ஏரியில் ஒரு மினுமினுப்பு, கொக்கின் முதுகு, இவ்வளவுக்கு வெள்ளை தாராளமாக வைக்கலாம். கை இறுகுகிறவர்களை மட்டும் எச்சரிக்கிறேன்: வெள்ளை கையில் இருந்தால் படம் முடிவதே இல்லை. ஒரு புள்ளி வைத்தால் அதற்கு ஒரு நிழல், அந்த நிழலுக்கு ஒரு விளிம்பு என்று நீளும். ஆறு மாதம் அந்த டியூபைத் திறக்காமல் இருங்கள். வெள்ளை தப்பு என்பதால் இல்லை, விட வேண்டிய இடத்தை முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் வருவதற்காக.

கேள்வி: மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடி, பின் உரித்தெடுக்கும் திரவம்) வைத்தால் இந்தத் தகராறே வேண்டாமே?

விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். உரித்தபின் ஈரப் பிரஷ்ஷால் ஒரு பக்கத்தையாவது மென்மையாக்குங்கள். பழைய பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துவிட்டு மாஸ்கிங் ஃப்ளூயிடில் தொடுங்கள், இல்லையென்றால் மயிர் ஒட்டிக்கொள்ளும். மாஸ்கிங் இருக்கும்போது ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.

கேள்வி: ஹேர் டிரையர் வைத்தால் பாதி காய்ந்த நிலையைச் சீக்கிரம் தாண்டலாமா?

பளபளப்பு போனபின் காட்டலாம். அதற்கு முன் காட்டினால் காற்று வண்ணத்தைத் தள்ளிவிடும்.

கேள்வி: ஆயில் பேஸ்டலில் மலை வரைய டிப்ஸ்?

என் துறை இல்லை, அதில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வயல் பச்சை பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. அப்புறம் வானத்தில் பூப்பூவாகக் கறை, என்ன செய்ய?

கறைக்குப் பதில் மேலே இருக்கிறது: குளிர்ச்சி இருந்தால் தொடாதீர்கள். பச்சைக்கு வருகிறேன். டியூபில் வரும் பச்சையை அப்படியே வைக்காதீர்கள். இளநாற்றுக்கு லெமன் யெல்லோவில் துளி அல்ட்ராமரீன். முற்றிய பயிருக்கு ரா சியன்னாவும் அல்ட்ராமரீனும். வரப்பின் நிழலுக்கு அந்தக் கலவையிலேயே பர்ன்ட் சியன்னா. தட்டில் முழுக்கக் கலக்காமல் பாதியில் விட்டுத் தாளில் சேரவிடுங்கள். ஒரே தீற்றலுக்குள் மஞ்சளும் நீலமும் தனித்தனியாகத் தெரியும். காய்ந்தால் நிறம் ஒரு படி வெளிறும், ஆகவே ஈரத்தில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அடர்த்தியில் வையுங்கள். சந்தேகமிருந்தால் அதே பேப்பரின் துண்டில் ஒரு தீற்றல் போட்டுக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.